டூம் 3: பாதி வழி போன பயம்

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டின் உயிர்நாடி வேகம். அறை நிறைய வரும் அரக்கர்களை ஓடிக்கொண்டே சுட வேண்டும். நின்றால் அடி விழும். 1994இல் வந்த இரண்டாம் பாகம் அரக்கர் கூட்டத்தை இன்னும் பெருக்கியது. 2004இல் வந்த ‘டூம் 3’ ஆய்வு நிலையத்தில் நரகத்தின் வாசல் திறக்கும் அதே பழைய கதையைச் செவ்வாய்க் கோளில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை மட்டும் நிதானமான திகில் பக்கம் திருப்பியது.

இத்திருப்பத்துக்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். ஜான் கார்மாக் உருவாக்கிய எஞ்சின், விளக்குகளின் ஒளியையும் அசையும் பொருள்களின் நிழலையும் ஆட்டம் நடக்கும்போதே கணக்கிட்டது. அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. ஒரே காட்சியில் பெருங்கூட்டத்தை இறக்குவதைவிட, குறுகிய நடைவழியில் ஒன்றிரண்டு எதிரிகளை மறைத்து வைப்பதே அந்த எஞ்சினுக்குத் தோதாக இருந்தது.

பயத்தின் மூலதனம் இருட்டு. டார்ச்சும் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் கையில் இருக்க முடியாது என்பது ஆட்டத்தின் விதி. டார்ச் அடித்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் உறுமல் கேட்கிறது. துப்பாக்கிக்கு மாறியதும் வழி முழுக்க இருண்டுவிடுகிறது. எதிரி எறியும் நெருப்புப் பந்தின் வெளிச்சத்திலோ, சுடும்போது எழும் பொறியிலோதான் அது நிற்கும் இடம் தெரிகிறது. பார்ப்பதா, சுடுவதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், பயம் காட்சியில் மட்டும் இல்லாமல் ஆடுபவரின் கையிலும் வந்து உட்காருகிறது. குழாய்களின் முனகலும் எங்கிருந்தோ வரும் கிசுகிசுப்பும் இதற்குத் துணை. இறந்த ஊழியர்களின் கையடக்கக் கருவிகளில் உள்ள மின்னஞ்சல்களும் குரல் பதிவுகளும் நிலையத்தின் கதையைச் சொல்கின்றன. பெட்டகங்களைத் திறக்கும் எண்களும் அவற்றில் இருப்பதால், ஆடுபவர் நின்று படித்தே ஆக வேண்டும்.

ஆனால் தெரியாமை ஒன்றே திகிலுக்குப் போதாது, பற்றாக்குறையும் வேண்டும். 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ தோட்டாவை எண்ணிக் கொடுத்தது. ஆட்டத்தைச் சேமிக்கவும் தட்டச்சுப் பொறியின் மை நாடாவைத் தேடவைத்தது. டூம் 3இல் தோட்டாவுக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. கணினியில் நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளலாம். செத்தால் இழப்பு சில நொடிகள்தான் என்றானபின் பயத்துக்குப் பிடிமானம் ஏது? கவசத்தை எடுத்ததும் முதுகுப்பக்கச் சுவர் திறந்து எதிரி பாய்வது முதல் சில தடவை தூக்கிவாரிப் போடும். பத்தாவது தடவை, பொருளைத் தொடுமுன்பே ஆடுபவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். ஒரே மாதிரியான உலோக நடைவழிகள் நெடுக நீள்வதும் இந்தச் சலிப்பைக் கூட்டுகிறது.

டார்ச் விதியையும் பலர் குறை சொன்னார்கள். எதிர்காலப் படைவீரனுக்கு விளக்கைத் துப்பாக்கியில் கட்டத் தெரியாதா என்பது அவர்கள் கேள்வி. ரசிகர்களே டக்ட் டேப் ஒட்டி விளக்கைத் துப்பாக்கியோடு சேர்க்கும் மாற்றத்தைச் செய்து வெளியிட்டார்கள். 2012இல் வந்த டூம் 3இன் மறுபதிப்பான ‘பிஎஃப்ஜி எடிஷன்’ விளக்கைக் கவசத்திலேயே பொருத்தியது. கதையின் தர்க்கப்படி அது நியாயமான திருத்தம். ஆனால் பார்ப்பதா சுடுவதா என்ற இக்கட்டு அதோடு போயிற்று. நம்பகத்தன்மையில் இடித்த விதிதான் பயத்தைத் தாங்கிய தூணாகவும் இருந்தது என்பது இந்தத் திருத்தத்தால் புலப்பட்டது.

2016இல் வந்த ‘டூம்’ பழைய வேகத்துக்கே திரும்பியது. தளர்ந்த எதிரியை நெருங்கிக் கையால் கொன்றால் உயிர்பலம் கூடும் என்ற விதியால், ஆடுபவரைப் பதுங்க விடாமல் முன்னே தள்ளியது. அதற்குக் கிடைத்த வரவேற்பை வைத்து டூம் 3இன் திருப்பத்தையே தவறு என்று தள்ளுவது சரியாகாது. ஒளியும் ஒலியும் திகிலுக்கு மாறின. தோட்டாக் கணக்கும் சேமிப்பு முறையும் எதிரி பாயும் தந்திரமும் பழைய சுடும் விளையாட்டிலேயே நின்றன. டூம் 3இன் குறை நிதானத்தில் இல்லை, இந்த அரைகுறை மாற்றத்தில்தான் இருக்கிறது.