தள்ளி நிற்கும் கலை

எதிரே இன்னொரு நாய் வந்தால் குரைத்துப் பாயும் நாயைத் திமிர் பிடித்தது என்பார்கள். பெரும்பாலும் அது பயம். அதைத் தணிக்கும் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது தூரத்தை மதிப்பதுதான். மற்ற நாயைப் பார்த்தும் குரைக்காத தொலைவில் நிற்க வேண்டும். பார்த்த கணமே வாயில் வேகவைத்த கோழித்துண்டு. அவ்வளவே. ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் ஆராய்ந்த அதே இணைப்புதான்: பயமுறுத்திய காட்சி, தீனி வரப்போகும் செய்தியாகிறது. நாளடைவில் நம் நாய், இன்னொரு நாய் எதிரே வருவதைப் பார்த்துவிட்டு, தானாகவே நம் முகத்தை அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு எதுவும் ஈடில்லை! பிறகுதான் ஓரிரண்டு அடி நெருங்கலாம். கயிறு தளர்வாகவே இருக்கட்டும். கழுத்தை நெரிக்கும் சுருக்குச் சங்கிலியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது பயத்தோடு வலியையும் சேர்த்துவிடும்.