ஏணியும் ஏறியவர்களும்

தடையற்ற வர்த்தகமே நாடுகளைச் செல்வந்த நாடுகளாக்கிற்று என்று பாடநூல்கள் போதிக்கின்றன. கொரியப் பொருளியலறிஞர் ஹா ஜூன் சாங் 2002இல் வெளியிட்ட ‘ஏணியை உதைத்துத் தள்ளல்’ என்னும் ஆங்கில நூல் இப்போதனையைச் சரித்திரத்தின் முன் நிறுத்தி விசாரிக்கின்றது. தலைப்பிலுள்ள உவமை, ஜெர்மானியரான பிரெடரிக் லிஸ்ட் 1841இல் கையாண்டது: உச்சிக்கு ஏறியவன், பிறர் ஏறாவண்ணம் ஏணியைத் தள்ளிவிடுகிறான்.

சான்றுகள் வலுவானவை. இந்திய அச்சுத்துணிகளை 1700இலும் 1721இலும் சட்டமியற்றித் தடுத்த பிரித்தானியா, தன் ஆலைகள் உலகச் சந்தையை வென்ற பின்னரே, 1846இல் தானியச் சட்டங்களை நீக்கிச் சுதந்திர வர்த்தகம் பேசிற்று. அமெரிக்காவோ உள்நாட்டுப் போரின் பின் அரை நூற்றாண்டுக் காலம், ஏறத்தாழ 40 முதல் 50 வீதம் வரையான தீர்வைச் சுவருக்குள் வளர்ந்தது.

இதுவரை நாம் ஆசிரியருடன் உடன்படுகிறோம். ஆயின் அவர் ஏணியில் ஏற்றுவது ‘நாடு’ என்னும் ஒன்றையே. வேலைநேரம், சிறுவர் உழைப்பு ஆகியன குறித்த சட்டங்களை அவர் கூறாமலில்லை. காப்புக் கொள்கையின் சுமை எவ்வர்க்கத்தின் தோளில் விழுந்தது என்பதே அவரது பிரதான கேள்வியாகவில்லை.

நமக்கோ அது ஏட்டுக் கேள்வியன்று. 1970இல் பதவியேற்ற அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் கையில் காசு புழங்கிற்று. அதே அரசு அரிசி, மா இறக்குமதியையும் குறைத்தபோது, பயிரிடத் துண்டு நிலமுமற்ற தோட்டத் தொழிலாளி பட்டினி கிடந்தான். 1974இல் தோட்டங்களில் மரணவீதம் சடுதியாக உயர்ந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்ததோ அவன் பறித்த கொழுந்து. 1977இல் சந்தை திறக்கப்பட்டது. இம்முறை விலை வீழ்ந்து நட்டப்பட்டவன் கமக்காரன்.