முகவீணை இல்லாத துகில்

துரௌபதி துகில் கூத்து நடக்கும் இரவில் என் கண் முதலில் தேடுவது வேஷக்காரரை அல்ல, பின்பாட்டுக்காரர்கள் நடுவே முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் பாதி மனசு அங்கேயே விட்டுப்போகும்.

ஓமலூர், மேச்சேரி, ஜலகண்டாபுரம் பக்கத்து ரசிகர்களில் ஒரு சாரார் ஆர்மோனியமே போதும் என்பார்கள். சுருதி நிற்கும், வாசிக்க ஆள் கிடைக்கும், விடிய விடிய நெஞ்சு நோக ஊத வேண்டாம். எல்லாம் சரிதான். ஆனால் ஆர்மோனியக் கட்டைகளில் இரண்டு சுரங்களுக்கு நடுவே போக வழியில்லையே. துச்சாதனன் கூந்தலைப் பற்றி இழுக்க, கண்ணனைக் கூப்பிடும் பாஞ்சாலியின் குரல் அந்த நடுவெளியில்தான் உடைகிறது. அங்கே கூடவே போய், வேஷக்காரர் மூச்சு வாங்கும் நேரத்தில் பாட்டைத் தான் ஏந்தி, அவர் மறுபடி வாய் திறக்கும் இடத்தில் இறக்கி வைக்க அந்தச் சின்னக் குழலுக்குத்தான் தெரியும். நான் கேட்டு வளர்ந்த முகவீணைக்காரர், திரைக்குப் பின்னால் அடுத்த வேஷம் விருத்தம் எடுக்கும் முன்பே அவருக்கான சுருதியை ஊதிக் கொடுத்துவிடுவார். மத்தளம் அவசரப்பட்டால் ஒரே நீண்ட ஊதலில் அடக்குவார். அப்படி ஒரு காதை இப்போது காணோம்.

சதிர் ஆட்டத்தில் முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பிடித்தது. கன்னட யட்சகானத்திலும் ஆர்மோனியம் வந்து அதை ஒதுக்கிவிட்டது. நம் கூத்திலாவது இன்னும் மிச்சமிருக்கிறது.

பள்ளிக்கூடம் மிதிக்காத கிழவர்கள் இங்கே பாரதம் சொல்வது கூத்து மெட்டுகளின் தயவில்தான். கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தைக் கேளுங்கள், மெட்டை முனகிய பிறகுதான் வார்த்தை வரும். கூத்துப் பையன்களும் அப்படியே. தாளம் தட்டி, பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, ஏடு பார்க்காமலே முழு இரவையும் மனசில் ஏற்றிக்கொண்டார்கள். இப்படிக் கூத்துப் பழகுவதைப் பள்ளிப் பாடத்தோடு சேர்க்க முடியும் என்று பி. ராஜகோபாலும் ஹன்னா தெ ப்ரைனும் காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடத்திக் காட்டினார்கள். பெண்பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டினார்கள். இங்கே மேட்டூர்ப் பக்கம் 'மணல்வீடு' மு. ஹரிகிருஷ்ணன் களரி அமைப்பின் வழியே கூத்துக் கலைஞர்களுக்காக ஓயாமல் உழைக்கிறார்.

நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளிலோ பாட்டு வகுப்பைக் கணக்குப் பாடம் தின்றுவிட்டது. அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த கலைத் திருவிழாவை வரவேற்கிறேன். ஆனாலும் போட்டி மேடையின் சில நிமிடங்களில் கூத்தின் இசை காதில் ஊறாது, அதற்கு இரவு முழுக்க உட்கார வேண்டும்.

அடுத்த நோம்பிக்குத் தாம்பூலம் வைத்துக் கூத்துப் பேசும் ஊர்க்காரர்கள், எத்தனை வேஷம் என்று கேட்பதோடு நிறுத்தாமல் முகவீணை வருமா என்றும் கேட்கவேண்டும். அதற்கென்று தனிச் சம்பளம் பேசிக் கொடுத்தால்தான் ஊதுகிறவர் தன் மகனுக்கும் கற்றுக்கொடுப்பார்.