கோடிகள் எங்கே போகின்றன?

றோல்ஸ் றொய்ஸ் ஃபாண்டம் போன்ற ஒரு காரைக் கொழும்பில் வாங்குபவர் காருக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டபோது, சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, என்ஜின் கொள்ளளவைப் பார்த்து அறவிடும் உற்பத்தி வரி, சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் என்று அடுக்கடுக்காக வந்தன. 6.75 லீற்றர், 12 சிலிண்டர் என்ஜினுக்கு இந்த அடுக்கில் எங்கும் தயவு கிடையாது. வரியே காரின் விலையைத் தாண்டிவிடும். திறைசேரிக்குப் போவதைக் கழித்துவிட்டு மிச்சம் தகுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

மிச்சத்தில் உண்மையான வேலைப்பாடு இருக்கிறது. ஃபாண்டமில் இரைச்சலைத் தடுக்கவென்றே 130 கிலோவுக்கு மேற்பட்ட பொருளை வைத்துக் கட்டுகிறார்கள். பக்கவாட்டுக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் வரைகிறார்கள். குட்வூட் தொழிற்சாலையிலிருந்து ஆண்டுக்கு வெளிவருவதே ஆறாயிரம் அளவில்தான். இது ஏமாற்று இல்லை.

எல்லாப் பெரிய பெயர்களுக்கும் இந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியாது. பென்ட்லி பென்டேகா, லம்போகினி உரூஸ், போர்ஷே கயென், அவுடி கியூ 7 நான்கும் வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. தோலும் மரமும் என்ஜினும் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். அவுடிக்கும் பென்ட்லிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் முழுவதற்கும் அவை கணக்குக் காட்டாது. மீதி, முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்துக்கு.

இப்போது ஃபாண்டமைக் கொழும்பை ஒட்டிய கொலன்னாவைக்குக் கொண்டுவருவோம். ஒருகொடவத்தைச் சந்தியில் பஸ்ஸும் கொள்கலன் லொறியும் முச்சக்கரவண்டியும் நெருக்கும் மாலையில் 12 சிலிண்டருக்கு வேலை இல்லை. பின்னிருக்கையின் அமைதிக்கு அங்கேதான் வேலை அதிகம். காரைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த அமைதியின் பெரும்பகுதியை ஒரு நல்ல லெக்சஸும் தந்துவிடும், பல மடங்கு குறைந்த விலையில். வெள்ளம் வந்தால் இரண்டுக்கும் வேலை இல்லை: 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியபோது தெருக்களில் ஓடியவை வள்ளங்கள்தான்.

நாட்டின் முக்கிய எரிபொருள் களஞ்சியங்களில் ஒன்று இங்கேதான் நிற்கிறது. 2022 இல் டொலர் தீர்ந்து அந்தத் தாங்கிகளும் வற்றின. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அல்டோவுக்கும் அவ்வளவு, ஃபாண்டமுக்கும் அவ்வளவு. அதைக்கொண்டு நகர ஓட்டத்தில் ஃபாண்டம் 100 கிலோமீற்றர் போவதே கடினம். தன் காசில் வாங்கியது தன் பாடு என்ற வாதம் எனக்கு இங்கேதான் இடறுகிறது. ரூபாய் வாங்குபவருடையதாக இருக்கலாம். வெளியே போகும் டொலர், மருந்துக்கும் எரிவாயுவுக்கும் தேவைப்பட்ட அதே இருப்பிலிருந்து போகிறது.

விற்றால் காசு வரும் என்பார்கள். இறக்குமதி நின்ற ஆண்டுகளில் விட்ஸும் வாகன்ஆரும் வைத்திருந்தவர்கள் வாங்கியதைவிடக் கூட்டி விற்றது உண்மை. அந்தக் கணக்கு மேல்தட்டுக்கு ஏறாது. வாங்கக்கூடியவர்கள் ஒரு சிலர், அவர்களுக்குப் புதிது வேண்டும். உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். தெருமுனைக் கராஜ் பாஸ் தொட மாட்டார்.

வரி முழுவதையும் கட்டி வாங்குபவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர் மோசமான பேரம் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்று இருந்த தீர்வைச் சலுகைப் பேர்மிட் வேறு சங்கதி. பேர்மிட்டைக் கைமாற்றிக் காசாக்கிய கதைகள் ஊரறிந்தவை. அங்கே சொகுசு கிடைத்தது ஒருவருக்கு, வரியை இழந்தது மற்ற எல்லோரும். 2025 இல் சனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவுக்கு வாங்கியது, எவ்வளவுக்குப் போனது என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு ஒரு பட்டியல் போட்டால், வாங்கத் துடிப்பவர்கள் காசோலை எழுதுமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.