வெம்ப்ளியில் 21 நிமிடம்: குயீன் வென்றது எப்படி?

1966-ல் இங்கிலாந்து கால்பந்து உலகக்கோப்பையைத் தூக்கிய அதே வெம்ப்ளி மைதானம். 1985 ஜூலை 13, சனிக்கிழமை, மாலை 6.41 மணி. வெள்ளை பனியனும் வெளுத்த ஜீன்ஸுமாக மேடைக்கு ஓடிவந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரி, பியானோ முன் உட்கார்ந்தார். எதிரே 72,000 பேர். தொலைக்காட்சி வழியே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். அடுத்த 21 நிமிடத்தில் குயீன் இசைக்குழு நிகழ்த்தியதை, நேரலையில் ஒளிபரப்பான ராக் கச்சேரிகளிலேயே சிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். 2025 ஜூலையோடு அதற்கு 40 ஆண்டுகள் நிறைந்தன.

ஒவ்வொரு நினைவு நாளிலும் அதை ஓர் அதிசயமாகவே பேசுகிறோம். 2018-ல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ படம் அந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. உடைந்துபோன குழு கடைசி நேரத்தில் ஒன்றுசேர்கிறது, தன் எய்ட்ஸ் நோயைப் பற்றி ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்கிறார், மேடையில் மாயம் நடக்கிறது என்று போகிறது படம். உண்மை வேறு. குயீன் உடையவே இல்லை. 1985 ஜனவரியில் ரியோவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். மே மாதம்தான் ஜப்பானில் சுற்றுப்பயணத்தை முடித்திருந்தார்கள். ஃப்ரெடிக்கு நோய் உறுதியானது 1987-ல் என்பதே அவருடன் வாழ்ந்தவர் தந்த தகவல். வெம்ப்ளியில் இறங்கியது நல்ல ஆட்டத்தகுதியோடு இருந்த ஒரு குழு.

அன்றைய களநிலை எளிதல்ல. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட இசைக்கலைஞர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் ஏற்பாடு செய்த ‘லைவ் எய்ட்’ லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 20 நிமிடம்தான். மேடை ஏறுவதற்கு முன் நிதானமாக ஒலியைச் சரிபார்க்க நேரம் கிடையாது. குயீன் கச்சேரி என்றால் புகையும் வண்ண விளக்குகளும் பாதி வேலையைச் செய்யும். கோடை மாலையின் பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த ஆயுதமும் பறிபோனது. கூட்டமும் குயீனுக்காக மட்டும் வந்த கூட்டமல்ல.

இதை டெஸ்ட் ஆட்டமாகக் கருதாமல் டி20 ஆட்டமாக அணுகியதுதான் குயீனின் முதல் வெற்றி. லண்டனில் ஷா தியேட்டர் என்ற சிறிய அரங்கை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். எந்தப் பாடலை எங்கே வெட்டுவது, எதிலிருந்து எதற்குத் தாவுவது என்று அங்கேயே முடிவானது. புதுப்பாட்டு எதற்கும் இடமில்லை. ஊரறிந்த பாட்டுகள் மட்டும்தான்.

பாடல் வரிசையைப் பார்த்தால் திட்டம் புரியும். தொடக்கமே ‘பொஹீமியன் ராப்சடி’. இசைத்தட்டில் ஆறு நிமிடம் ஓடும் இந்தப் பாட்டின் நடுவே, பல குரல்களை அடுக்கி உருவாக்கிய ஆப்பரா பகுதி ஒன்று உண்டு. அதை மேடையில் அப்படியே பாட முடியாது. ஆகவே அதைத் தொடவே இல்லை. பியானோ, ஃப்ரெடியின் குரல், பிரையன் மேயின் கிட்டார் தனி ஆவர்த்தனம், அத்தோடு நிறுத்தம். முதல் மூன்று நிமிடத்துக்குள் கூட்டம் கைக்குள் வந்துவிட்டது.

இடைவெளியே விடாமல் ‘ரேடியோ கா கா’. அதன் வீடியோவில் வரும் இரட்டைக் கைதட்டல் ரசிகர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் 72,000 ஜோடிக் கைகள் தலைக்கு மேல் ஒரே நேரத்தில் தட்டியபோது, கேமரா மேடையைவிட மைதானத்தைக் காட்டுவதற்கே அதிகம் ஆசைப்பட்டது. அடுத்து இசைக்கருவிகள் ஓய, ஃப்ரெடி ஒரு ஸ்வரத்தை இழுத்தார், கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தக் கேள்வி பதில்தான் ஆட்டத்தின் திருப்புமுனை.

பிறகு ‘ஹேமர் டு ஃபால்’ வேகம் கூட்டியது. ‘கிரேசி லிட்டில் திங் கால்ட் லவ்’ பாட்டுக்கு ஃப்ரெடியே கிட்டாரை மாட்டிக்கொண்டார். ‘வி வில் ராக் யூ’ ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. கடைசி ‘வி ஆர் தி சாம்பியன்ஸ்’. ஆறு பாட்டு, ஒன்றில்கூடத் தொய்வு இல்லை.

அதே நாளில் மற்றவர்களுக்கு என்ன ஆனது? யு2 குழுவின் போனோ, ‘பேட்’ பாட்டின் நடுவே மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் போனார். பாட்டு சுமார் 12 நிமிடம் நீள, அடுத்து வரவேண்டிய ‘ப்ரைட்’ பாட்டுக்கு நேரமில்லாமல் போனது. ரசிகர்கள் அந்தக் காட்சியைக் கொண்டாடினார்கள், அந்தக் குழு உயர்ந்தது. ஆனால் அது திட்டம் தவறியதில் கிடைத்த பலன். ஃபிலடெல்ஃபியாவில் மீண்டும் கூடிய லெட் ஸெப்பலின், போதிய ஒத்திகை இல்லாமல் மேடையேறித் தடுமாறியது. 2004-ல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பெயரும் புகழும் அவர்களிடமும் இருந்தன; பயிற்சிதான் இல்லை.

ஃப்ரெடியின் தனித்திறனைக் குறைத்துச் சொல்ல முடியாது. சான்சிபாரில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவில் பியானோ வாசித்தவர் அவர். பாதிக் கம்போடு நின்ற மைக்கைச் சுழற்றிய விதம், கடைசி வரிசை வரை எட்டும் கையசைவு, கேமராவை நேராகப் பார்த்த துணிச்சல் எல்லாம் பல்லாண்டு மேடை அனுபவத்தில் வந்தவை. ஆனால் அந்தச் சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் மற்ற மூவர். ரோஜர் டெய்லரின் டிரம்ஸும் ஜான் டீக்கனின் பேஸ் கிட்டாரும் தாளத்தை அசையாமல் பிடித்திருந்ததால்தான், ஃப்ரெடியால் மேடை முழுக்க ஓட முடிந்தது.

பலன் உடனே கிடைத்தது. 1986 ஜூலையில் இரண்டு இரவுகள் இதே வெம்ப்ளி குயீனுக்காக மட்டும் நிரம்பியது. ஆகஸ்ட் 9-ல் நெப்வொர்த்தில் நடந்ததே ஃப்ரெடியோடு குயீன் செய்த கடைசிக் கச்சேரி. 1991 நவம்பர் 24-ல் அவர் மறைந்தார்.

திரைப்படம் காட்டும் வெம்ப்ளி, நடிகர்கள் செய்துகாட்டிய நகல். அடுத்த ஜூலை 13-ல் அசல் ஒளிபரப்பின் 21 நிமிடத்தையும் வெட்டாமல் பாருங்கள். முதல் முறை ஃப்ரெடியை, இரண்டாம் முறை மற்ற மூவரை. ஒத்திகை ஜெயித்த ஆட்டம் அது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.