திறமை எனும் வக்ஃபு: கவிக்கோ அப்துல் ரகுமானை முன்வைத்து ஒரு மதிப்பீடு

இறைவன் மனிதனுக்கு வழங்கியுள்ள ஆற்றல்களைப் பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. பள்ளி ஆண்டு விழாக்களிலும் மீலாது மேடைகளிலும் இளைஞர் பயிலரங்குகளிலும் ஓர் அறிவுரை திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது. உனக்குள் உறங்கும் திறமையைக் கண்டுபிடித்துவிட்டால் உன் வாழ்வின் நோக்கம் தானே விளங்கிவிடும் என்பதே அது. கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆயினும் அதனுள் இரண்டு அனுமானங்கள் மறைந்துள்ளன. திறமை என்பது ஒவ்வொருவருக்குள்ளும் முழு வடிவில் புதைந்து கிடக்கிறது என்பது ஒன்று. அதைத் தோண்டி எடுத்தால் நோக்கமும் கூடவே வந்துவிடும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டு அனுமானங்களையும் ஒரு மெய்யான வாழ்வின்மீது வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் பணி. அதற்கென நாம் எடுத்துக்கொள்வது, 1937ஆம் ஆண்டு மதுரையில் பிறந்து 2017 ஜூன் 2ஆம் நாள் சென்னையில் மறைந்த கவிக்கோ அப்துல் ரகுமானின் வாழ்வையும் கவிதையையும். அவரைப் பாராட்டி எழுதப்பட்டவை ஏராளம். பாராட்டு ஒரு கவிஞருக்குச் செலுத்தும் முதல் மரியாதை. மதிப்பீடு அதனினும் உயர்ந்த மரியாதை என்று கருதுகிறோம்.

வைகையின் தென்கரையில் அமைந்த சந்தைப்பேட்டைப் பகுதி அவர் பிறந்த இடம். பாட்டனாரும் தந்தையாரும் உருதுக் கவிஞர்கள். தந்தையார் சையத் அஹமத், 'மஹி' என்னும் புனைபெயரில் எழுதியவர். ஆகவே கஸலும் முஷாயிராவும் நூல் வழியாக மட்டும் கற்க வேண்டிய அயல் வடிவங்களாக அப்துல் ரகுமானுக்கு இருந்திருக்க முடியாது. அவர் உருதுவிலேயே எழுதி அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக் கவிஞராக விளங்கியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பிறப்பு அவருக்குக் காட்டிய வழி அதுவே.

அவர் சென்ற வழி வேறு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய நகரம் மதுரை. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி, ஔவை சு. துரைசாமிப்பிள்ளை, அ.கி. பரந்தாமனார் போன்ற அறிஞர்கள் பணியாற்றிய தமிழ்த்துறையால் பெயர் பெற்றிருந்தது. மீரா, நா. காமராசன், இன்குலாப் எனப் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர்களும் அங்குப் பயின்றவர்களே. அக்கல்லூரியில் அப்துல் ரகுமான் தமிழ் இலக்கியம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். வீட்டில் அவருக்குக் கிடைத்தது செவி. கல்லூரியில் கிடைத்தது மொழி. முன்னது கொடை, பின்னது உழைப்பு. கொடையாக வந்ததை அவர் துறந்துவிடவும் இல்லை. அதிலேயே தங்கிவிடவும் இல்லை. முழு வடிவில் புதைந்து கிடந்த திறமை என்று எதையும் இங்கே சுட்டிக் காட்ட இயலாது. இரண்டு மரபுகள் ஒருவரிடத்தில் சந்தித்தன. அச்சந்திப்பை அவர் பல்லாண்டுப் பயிற்சியால் ஆற்றலாக்கிக் கொண்டார்.

1961இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1919இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, தோல் தொழிலும் உருதுப் பேச்சும் மிகுந்த ஊரில் அமைந்தது. மதுரையில் வீடும் கல்லூரியுமாகப் பிரிந்து நின்ற இரு மொழிகளும் அங்கு ஒரே தெருவில் அவரைச் சூழ்ந்தன. 1991இல் விருப்ப ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். தமிழ்த்துறைத் தலைவராகவும் விளங்கினார். கவிராத்திரி என்ற பெயரில் இளங்கவிஞர்களைக் கூட்டி, எழுதியதைப் படிக்கச் செய்து திருத்தி வளர்த்தார். முஷாயிராவின் வாசனை அந்தப் பெயரிலேயே வீசுகிறது.

இங்கே ஒரு கணக்கை வாசகர் கவனிக்க வேண்டும். அவருடைய முதல் தொகுதியான 'பால்வீதி' வெளிவந்த ஆண்டு 1974. ஆசிரியப் பணியில் சேர்ந்து 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறைக் கவிதை வளம் கொண்ட ஒருவர் தம் முதல் நூலுக்கு அவ்வளவு காலம் காத்திருந்தார். இருபது வயதிற்குள் நூல் வெளியிட்டு, பட்டம் பெற்று, மாலை சூடத் துடிக்கும் நம் இளைஞர்களுக்கும், அவர்களைத் துரத்தும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு உரியது.

நூல்களுக்கு வருவோம். 'பால்வீதி' படிமங்கள் செறிந்த தொகுதி. கோவையை மையமாகக் கொண்டு 1971இல் தோன்றிய 'வானம்பாடி' இதழும் அதைச் சூழ்ந்த இயக்கமும் சமூகக் கோபத்தை உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதே புதுக்கவிதைக் களத்தில் நின்றுகொண்டு, பொருளை நேரே சொல்லாமல் படிமத்தின் வழியே உணர்த்தும் அடர்த்தியான நடையை அப்துல் ரகுமான் கையாண்டார். குறியீடு அவருக்கு உள்ளுணர்வால் மட்டும் கைவந்ததன்று. அதனையே முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அவ்வாய்வின் பயனே 'புதுக்கவிதையில் குறியீடு' என்னும் நூல். தம் கருவியைத் தாமே ஆராய்ந்து பார்த்த கவிஞர்கள் தமிழில் மிகச் சிலரே.

'நேயர் விருப்பம்' 1978இலும், 'சுட்டுவிரல்' 1989இலும், 'ஆலாபனை' 1995இலும் வெளிவந்தன. 'ஆலாபனை'க்கு 1999ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 'பால்வீதி'யின் இறுக்கம் 'ஆலாபனை'யில் தளர்கிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதனைச் சுற்றிச் சுற்றி வரும் சிந்தனை நடை அமைகிறது. 1998இல் வந்த 'பித்தன்' இன்னொரு படி. ஊரார் அறிவென்று கருதுவதைத் தலைகீழாக்கிப் பார்க்கும் ஒரு பித்தனின் பேச்சு அது. குணங்குடி மஸ்தான் சாகிபைப் படித்தவர்களுக்கு அந்தப் பித்தன் அந்நியனல்லன். இறைக்காதலில் தன்னை இழந்தவனை உலகம் பைத்தியம் என்று அழைப்பதும், அவன் உலகையே பைத்தியமாகக் காண்பதும் ஸூஃபி மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் பார்வை. அதைப் புதுக்கவிதையின் எளிய பேச்சுக்குள் கொண்டுவந்தது அப்துல் ரகுமானின் தனிச்சாதனை என்று துணிந்து கூறலாம்.

'மின்மினிகளால் ஒரு கடிதம்' முதலான தொகுதிகளில் கஸலைத் தமிழுக்குத் தந்தார். உருது கஸலுக்கு உயிரான காஃபியா, ரதீஃப் என்னும் இயைபு விதிகளை அவர் கைக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்பது, காதலி மானிடளா இறைமையா என்ற மயக்கம், பிரிவின் ஏக்கம் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வசன நடையில் எழுதினார். இதனால் கஸலின் உணர்வு தமிழுக்கு வந்தது. அதன் இசைக்கட்டு வரவில்லை. தந்தையாரிடமிருந்து செவியும், யாப்பறிந்த ஆசிரியர்களிடமிருந்து மொழியும் பெற்றவர் அந்தக் கட்டையும் முயன்றிருக்கலாம் என்பது நம் மனக்குறை. முயல வல்லவரிடம்தானே அதை எதிர்பார்க்க இயலும்!

இதைவிடப் பெரிய குறை மேடையிலிருந்து வந்தது. கவியரங்கம் என்னும் அமைப்பைத் தமிழ்நாட்டில் பெருங்கூட்டத்தின் கலையாக வளர்த்தவர்களுள் அப்துல் ரகுமான் முன்வரிசையில் நிற்பவர். கவியரங்கம் கவிதையை மக்களிடம் கொண்டுசென்றது, அது நன்மை. ஆனால் கைதட்டல் எங்கே விழும் என்பதைக் கவிஞருக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தது. முரண் ஒன்றைச் சொல்லி, சொல்லை ஒருமுறை புரட்டி, ஓர் அதிர்ச்சியில் முடிப்பது அந்த மேடையின் உத்தி. 'பித்தன்' போன்ற நூலில் அம்முரண் தரிசனத்திலிருந்து பிறக்கிறது. வேறு சில இடங்களில் முரண் பழக்கமாகி, அடுத்த வரி எங்கே திரும்பும் என்பதை வாசகர் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார். அவரைப் பின்பற்றிய பலர் அந்தத் திருப்பத்தை மட்டுமே கற்றுக்கொண்டனர். அதற்குப் பின்னிருந்த 13 ஆண்டுக் காத்திருப்பையும் குறியீட்டு ஆராய்ச்சியையும் கற்கவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் முந்தைய தலைமுறைப் பேராற்றல் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்தும் அவ்வித்தையைக் கண்டு அவை வியந்தது. 'சதாவதானி' என்பது அவருடைய பெயராகவே ஆயிற்று. அந்த வியப்பு அன்றைய அவையோடு முடிந்தது. அவர் சீறாப்புராணத்திற்கு எழுதிய உரையோ, உமறுப்புலவரின் காப்பியத்தைப் பின்வந்தோர் கையில் சேர்த்தது. மேடை திறமையைக் காட்டுகிறது. நோக்கத்தைக் காட்டுவது, மேடை கலைந்த பின் அத்திறமை யாருக்குப் பயன்பட்டது என்பதே.

நோக்கம் எவ்வாறு உருவாகிறது என்ற கேள்விக்கு, ஒருவர் எதை மறுத்தார் என்பதும் விடை தரும். அப்துல் ரகுமான் திரைப்படங்களுக்குப் பாட்டெழுத இசையவில்லை. அம்மி கொத்துவது சிற்பியின் வேலையன்று என்னும் பொருளில் அவர் கூறியது பரவலாக அறியப்பட்டது. அக்கூற்றை நாம் முழுமையாக ஏற்க இயலாது. கவி கா.மு. ஷெரீப் திரைக்கும் எழுதினார், சமுதாயத்திற்கும் எழுதினார், ஒன்றினால் மற்றொன்று கெட்டுவிடவில்லை. அம்மியும் ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருளே. எனினும் அக்கூற்றை எல்லாக் கவிஞர்களுக்குமான சட்டமாகக் கொள்ளாமல், ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட எல்லையாகக் கண்டால் அதன் மதிப்பு விளங்கும். பணமும் புகழும் ஒருசேர வரும் வழியை அவர் மூடிக்கொண்டார். இமாம் கஸ்ஸாலி 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தமக்கிருந்த உயர்பதவியை விட்டு நீங்கியபோது, அவர் தம்மிடம் கேட்டுக்கொண்டது ஆற்றல் உண்டா என்பதை அன்று. நிய்யத் தூயதா என்பதை. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. அக்கேள்வி கவிஞருக்கும் உரியது என்பதே நாம் சொல்ல வருவது.

திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயம் கவிஞர்களின் பெயராலேயே வழங்குகிறது. அதன் இறுதி வசனங்கள், இலக்கின்றிப் பள்ளத்தாக்குகளில் அலைபவர்களாகவும் செய்யாததைச் சொல்பவர்களாகவும் உள்ள கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஈமானும் நற்செயலும் இறைநினைவும் உடையவர்களை அக்கண்டனத்திலிருந்து விலக்குகின்றன. கவிதையாற்றல் அங்கு மறுக்கப்படவில்லை; அந்த ஆற்றல் எங்கே செல்கிறது என்பதே கேட்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்த வரலாறும் இதையே உணர்த்துகிறது.

2009 முதல் 2011 வரை அப்துல் ரகுமான் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராக இருந்தார். அப்பதவிக்கும் கவிதைக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். நமக்கோ அவருடைய வாழ்வை விளக்கும் சொல் அங்கேதான் கிடைக்கிறது. வக்ஃபு செய்யப்பட்ட நிலத்தை முத்தவல்லி விற்க முடியாது. தன் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. தரிசாகப் போடுவதும் முறையன்று. அதைப் பேணி விளைவித்து, அதன் பயனை உரியவர்களிடம் சேர்ப்பதே அவர் கடமை. திறமையும் அத்தகைய அமானிதமே. அதை உடையவர் அதன் முத்தவல்லி, உரிமையாளர் அல்லர். ஆதலின் "என் திறமை என்ன?" என்பது பாதிக் கேள்வி. "அதன் விளைச்சல் யாருக்குச் சேர வேண்டும்?" என்பதே மீதிப் பாதி. நோக்கம் பிறப்பது இந்த இரண்டாம் கேள்வியில்.

இந்த அளவுகோலால் அளக்கும்போது, அப்துல் ரகுமானின் 30 ஆண்டு வகுப்பறையும் கவிராத்திரியும் அவருடைய விருதுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. மேடைக்காக எழுதிய சில வரிகள் உதிரக்கூடும். 'பால்வீதி'யும் 'பித்தனும்' நிற்கும். அவரிடம் எழுதக் கற்றவர்கள் வழியே அந்த விளைச்சல் தொடரும்.

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், சோழவந்தான் எனச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் பிள்ளைகளுக்கு மொழியாற்றல் குறைந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு பேச்சுப்போட்டி நடத்தி, கோப்பை கொடுத்து, படம் பிடித்து அனுப்பிவிடுகிறோம். போட்டிக்கு மறுநாள் அந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும், யாரிடம் திருத்தம் பெற வேண்டும், எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஜமாஅத்துகள் கோப்பைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு மாதம் ஓர் இரவு கவிராத்திரி போன்ற ஒரு கூட்டம் நடத்தலாம். அதில் கைதட்டல் வேண்டாம். எழுதியதைப் படிக்கட்டும், மூத்தவர் திருத்தட்டும், அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வரட்டும். கவிக்கோவின் படத்திற்கு மாலை சூட்டுவதைக் காட்டிலும் இது கடினம். அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிப்பதும் இந்தக் கடினமான வழியையே.