யோசேப்பின் களஞ்சியமும் சிமெண்டு மூட்டையும்

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் மணிலா பயிரிடும் சிறு உழவர் தம் விளைபொருளுக்குத் தாமே விலை கூறுவதில்லை. வாங்குவோர் கூறும் விலைக்கே கொடுக்கின்றார். அவரே வீடு கட்டவோ, சபையாரோடு சேர்ந்து சிற்றாலயம் எழுப்பவோ சிமெண்டு வாங்கச் செல்லுங்கால், விற்பவர் கூறுவதே விலையாகின்றது. இதனைச் சந்தையின் இயல்பு என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். இயல்பாகத் தோன்றுவது மனிதர் செய்த ஏற்பாடாகவும் இருக்கலாம் என்பதைச் சிமெண்டு வழக்கு உணர்த்துகின்றது.

கட்டுமானத் தொழிலினரின் சங்கம் 2010இல் முறையிட்டது. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம், 11 சிமெண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தின எனக் கண்டு, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. வாதங்களைக் கேளாதவரும் தீர்ப்பில் கையொப்பமிட்டது முறையன்று என்று 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை நீக்கியது. ஆணையம் 2016இல் மீண்டும் தண்டித்தது; 2018இல் அது மேல்முறையீட்டில் உறுதியாயிற்று; பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தண்டம் அரசின் கருவூலத்திற்கே உரியது. மூட்டை வாங்கியவர் இழப்பீடு பெறத் தனியே வழக்காட வேண்டும்.

1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் நிறுவனங்களின் பருமனையே ஐயத்தோடு நோக்கியது. உரிமமுறையோடு இணைந்து அது புதியவர்களையும் தடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமோ, பெரிதாயிருத்தல் குற்றமன்று, வலிமையைத் தீங்காகப் பயன்படுத்துதலே குற்றம் என்கின்றது. ஆயினும் அந்தப் பதினொன்றனுள் ஒன்றான அல்ட்ராடெக், மற்றொன்றான இந்தியா சிமெண்ட்ஸைத் தன்வயமாக்க 2024இல் ஆணையமே இசைவளித்தது. கூடிப் பேசுவது குற்றம். ஒன்றாகிவிட்டால் கூடிப் பேச வேண்டிய தேவையே இல்லை. செல்வம் ஓரிடத்தில் குவியலாகாது என்னும் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவின் நோக்கம் இங்கு நிறைவேறுகின்றதா?

சட்டத்தைத் திறனாயும் நாம் நம் பிரசங்கங்களையும் திறனாய வேண்டும். ஆமோஸ் கண்டித்த கள்ளத்தராசைப் பற்றிப் பேசுகின்றோம்; அது தனி வணிகரின் குற்றமாக நின்றுவிடுகின்றது. அறுப்பின் பண்டிகையில் ஆதியாகமம் 41ஐ எடுத்து யோசேப்பின் முன்மதியைப் புகழ்கின்றோம். 47ஆம் அதிகாரத்தை வாசிப்பதில்லை. அங்கே தானியம் முழுவதும் ஒரே கையில் இருந்தமையால், மக்கள் முதலில் பணத்தையும், பின்பு கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் தங்களையும் விற்றனர். அவன் உயிர்களைக் காத்தான் என்பது மெய். காக்கப்பட்டோர் அடிமைகளானார்கள் என்பதும் மெய்.

அவ்வதிகாரத்தில் மற்றொரு குறிப்பும் உண்டு. ஆசாரியரின் நிலம் மட்டும் விலைக்கு வாங்கப்படவில்லை. அவர்களுக்குப் பார்வோனின் படி கிடைத்துவந்தது. ஆசாரியர் யாதொரு மறுப்பும் கூறியதாகத் திருமறையில் இல்லை. மாதந்தோறும் படி பெறும் நாம் வல்லத்துச் சபையில் இவ்வதிகாரத்தை வாசிக்கத் துணிவோமா?